வேலி நாற்பது காசு

பகல் முழுக்க எல்லை அடிப்பதுதான் என் வேலை.
நீதிமன்றத்துக்குப் பின்வீதி, நொத்தாரிசு கந்தோர்,
கணினிக்கு முன்னால் பதினொரு வருடம்.
கிழக்கு: இராசமலர் பங்கு.
வடக்கு: ஒழுங்கை.
மேற்கு: வழக்கில் உள்ள காணி.

இரண்டு பரப்பு ஒன்பது குழிக்காக
அண்ணனும் தம்பியும் ஒரே வாங்கின்
இரண்டு நுனியில் வந்து இருப்பார்கள்,
நடுவில் என் கைப்பை.
ஒரு கதியால் அரை முழம் நகர்ந்த கதை
தவணை தவணையாய்த் தடித்துக்
கோப்பாகி, இப்போது
என் கதிரைக்கு உயரம் கொடுக்கிறது.

“இதை இறக்கிப் பாருங்கோ அக்கா,
ஒரு சண்டையும் இல்லை” என்றாள்
பக்கத்து மேசை ஆரணி.

கொக்குவிலில் என் அறை மேல்மாடி.
மண் என்று சொல்லச் செருப்படியில் ஒட்டினது மட்டும்.
இறக்கி முடிய டேட்டா பாதி போய்விட்டது.
என் பெயரை அடித்தேன், ஏற்கெனவே ஆரோ எடுத்தாச்சாம்.
பிறந்த வருடத்தைச் சேர்த்தேன், அதுவும்.
பிறகு விளையாட்டே ஒரு பெயர் தந்தது:
தூங்குமூஞ்சி முள்ளங்கி, ஐம்பத்தெட்டு.
சரி, இருக்கட்டும்.

ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு சதுரம்.
முத்திரைத் தீர்வை இல்லை,
கையெழுத்து வைக்கச் சாட்சிகள் இல்லை,
இந்தா உன் காணி என்கிறது ஒரு அம்புக்குறி.
நான் முதலில் தேடினது விதையை அல்ல.
கடைக்குள் போய் வேலியைத் தேடினேன்.
வேலி நாற்பது காசு.
கையில் பத்து.

தொட்டால் பாத்தி.
இன்னொருக்கால் தொட்டால் விதை.
வாளிப் படத்தை இழுத்தால் தண்ணீர்.
தக்காளிக்கு எட்டு மணித்தியாலம் என்றது,
உண்மையான எட்டு மணித்தியாலம்!
இதென்ன விளையாட்டு என்று
போனைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.

விடிய, பாத்தி ஈரம்.
குறுக்கே சின்னச் சின்ன அடிச்சுவடு.
அல்லித் தவளை வந்து போனது, என்று எழுதியிருந்தது.
என்ரை காணிக்குள்ளை என்ன அலுவல்?
பல்லுத் தீட்டாமலே எண்ணிப் பார்த்தேன்.
ஒன்றும் குறையவில்லை.
உதவிப் பக்கத்தில் ஒரு வரி:
உங்கள் செடியை வேறொருவர் பறிக்க முடியாது,
தண்ணீர் ஊற்ற மட்டும் முடியும்.
உறுதியில் ஓட்டை தேடுகிற மாதிரி
இரண்டு தரம் வாசித்தேன்.

அங்கே கதைக்க ஏலாது.
கைகாட்டலாம், கைதட்டலாம், துள்ளலாம், குந்தலாம்.
நான் பொத்தான் மாறி, ஆரோ ஒருவரின்
வாடின பூசணிக்கு முன்னால் நின்று கைதட்டிவிட்டேன்.
அவர் கொஞ்சம் யோசித்து
ஒருக்கால் துள்ளினார்.

வியாழன் இரவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மழை.
எனக்கு மின்விசிறி, வியர்வை.

இப்போது எல்லைகள் எனக்குப் பாடம்.
கிழக்கு: அல்லித் தவளையின் சூரியகாந்தி.
வடக்கு: வாசிக்கத் தெரியாத எழுத்தில் பெயர், வெங்காயம் மட்டும் நடுபவர்.
தெற்கு: ஆறு.
மேற்கு: வராதவர். இருபத்தொரு நாள்.
அவருடைய கரட் அழுகாது, அங்கே ஒன்றும் அழுகாது,
ஆனாலும் இலை தொங்கிப்போய் நிற்கும்.
படுக்கமுன் இரண்டு வாளி ஊற்றிவிட்டு வருவேன்.
கிணறு பொது.
வழிவாய்க்கால் பாத்தியதை என்று ஒருவரும் எழுதவில்லை.

திங்கட்கிழமை வரைவைத் தூக்கிக்கொண்டு
நொத்தாரிசு ஐயா வெளியே வந்தார்.
சிவப்பு மையில் ஒரு வட்டம்.
“மேற்கு: வராதவர். பிள்ளை, இது ஆர்?”
ஆரணி மேசைக்குக் கீழே குனிந்து
விழாத பேனையைத் தேடினாள்.
அழித்துவிட்டுச் சரியான பெயரை அடித்தேன்.

இன்றைக்கு முள்ளங்கி விற்று நாற்பத்து மூன்று காசு.
கடையில் வேலி வடிவாய்த்தான் இருக்கிறது,
வெள்ளைப் பலகை, ஒரு கொடி வேறு.
விரலை வைக்கப் போக
தவளை வாளியோடு வருகுது,
நான் ஏற்கெனவே ஊற்றின வரிசைக்கே
திரும்ப ஊற்றுது.
ஊற்றிவிட்டுக் குந்துது.

நானும் குந்தினேன்.
கடை திறந்தபடி கிடந்தது.